ஊர்க்கணக்கில் ஏறாத பெயர்கள்

கல்வராயன் மலையில் பிறந்து வரும் மணிமுத்தாறும் கோமுகி ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது நல்லூர். விருத்தாசலத்துக்கு வடமேற்கே, பழைய தென்னார்க்காட்டின் மானாவாரிக் கொல்லைகளுக்கு நடுவே உள்ள ஊர். மூன்றாவதாக மயூர நதியும் இங்கே கலக்கிறது என்பது வில்வவனேஸ்வரர் கோயிலின் மரபு. இங்கிருந்து மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய், கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் இறங்குகிறது. 1960களின் நடுவில் கோமுகிக்கும், சில ஆண்டுகள் கழித்து மணிமுத்தாற்றுக்கும் மேலே கள்ளக்குறிச்சிப் பக்கம் அணை கட்டப்பட்டது. அதன் பிறகு ஆற்றில் நீர் வருவது மழையை மட்டும் பொறுத்ததாக இல்லை, அணையின் திறப்பையும் பொறுத்ததாகிவிட்டது. கடலூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியம் ஒன்று இந்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இப்படியொரு சிற்றூருக்கு வரலாறு எழுதப் போகிறவர் முதலில் கோயில் சுவரைத்தான் பார்ப்பார். இந்த ஊர் இருக்கும் நடுநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. விருத்தாசலத்தில் விருத்தகிரீஸ்வரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தில்தான் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் 1231-இல் மூன்றாம் இராசராசனைச் சிறைவைத்தான். கற்களில் இருப்பவை கொடைகள், விற்பனைகள், வரிவிலக்குகள், எல்லைகள். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுப்பது பெருவழக்கு. ஆடு கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும், ஆடுகளைப் பெற்று நெய் அளக்க ஒப்புக்கொண்ட மன்றாடியின் பெயரும் பல இடங்களில் இருக்கும். அவர்கள் ஒப்பந்தத்தின் இரு தரப்பு. அந்த ஆடுகளை வெயிலில் ஓட்டிக்கொண்டு போன சிறுவன் எந்தத் தரப்பும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த ஊர்க்கணக்குகளைப் படித்தால் இன்னும் தெளிவாகும். ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, வரி கட்ட வேண்டாத இடங்களைக் கழிக்கிறார்கள்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி என்ற குடியிருப்பு ஊருக்குப் புறத்தே தனியாக இருந்தது என்பதற்கு இவையே அசைக்க முடியாத சான்று. அங்கே குடியிருந்தவர்கள் யார், எத்தனை பேர், அவர்கள் உழுத நிலத்தின் விளைச்சலில் அவர்களுக்கு எவ்வளவு என்பதற்குக் கல்லில் இடமில்லை. வேலி, மா என்று நிலத்தை அளந்த கை அந்தச் சேரியையும் அளந்து, கழித்து, மேலே போய்விடுகிறது.

எளியவர் பெயர் கல்லில் ஏறும் தருணங்களும் உண்டு. 1201-இல் பஞ்சம் வந்தபோது, தஞ்சைப் பகுதியின் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியை அந்த ஊர்க் கல்வெட்டு சொல்கிறது. வாங்கியவருக்குச் சான்று தேவைப்பட்டதால் அது பதிவானது. நம் பழைய ஆவணங்களை வாசிக்கும்போது இந்த நியாயத்தை மறக்கக் கூடாது. உரிமை கோரப் போகிறவர் யாரோ, அவருக்காகவே எழுத்து எழுதப்பட்டது.

நடுநாட்டின் மிகப் புகழ்பெற்ற கதையே ஓர் ஆவணத்தைப் பற்றியதுதான். புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, மணமகன் தனக்கு வழிவழி அடிமை என்று வழக்கிடுகிறார். கையில் ஆளோலை. சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். ஊர்ச் சபை கூடுகிறது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு, கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. வந்தவர் இறைவன் என்பதால் பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட அருள். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இதைப் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்னபோது, ஆளோலை, படியோலை, மூல ஓலை, கையெழுத்து ஒப்பீடு, சபைத் தீர்ப்பு என்ற நடைமுறை முழுவதும் கேட்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பழகியிருந்தது என்பதே ஒரு வரலாற்று மாணவருக்கு இதில் முக்கியம். பாட்டன் எழுதிக் கொடுத்தது பேரனைக் கட்டும் என்பதை அந்தச் சபையில் யாரும் மறுக்கவில்லை.

திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில்தான் இருவேல்பட்டு இருக்கிறது. நல்லூரைப் போலவே பழைய தென்னார்க்காட்டு ஊர். இன்று விழுப்புரம் மாவட்டம். கோட்டையோ பெரிய தலமோ போரோ இதற்குப் பெருமை சேர்க்கவில்லை. ஆனாலும் இந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கு நெருக்கமாகத் திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், புத்தகத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து வாருங்கள் என்று 1916-இல் தம் மாணவர்களை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டில் தூசி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தில் வடமலாபுரம், தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு. அவர்கள் திரட்டியது 1918-இல் நூலாக வந்தது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மாணவர்களைக் கொண்டு அதே ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். 1981-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன், மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரோடு இருவேல்பட்டுக்குப் போனார். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள்.

இந்த ஆய்வுகளின் பெருமை முதலில் அவற்றின் கேள்விகளில் இருக்கிறது. அதுவரை அரசாங்கம் ஊரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறவர் யார்? கிழக்கிந்தியக் கம்பெனி 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நாட்டை எடுத்துக்கொண்டு, ரயத்துவாரி முறையை நிலைநிறுத்திய பிறகு, கர்ணத்தின் கட்டுக்குள் அடங்கல், சிட்டா, அ பதிவேடு என்று கணக்குகள் பெருகின. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், நஞ்சையா புஞ்சையா, எத்தனை மரம், எந்தக் கிணறு என்பதெல்லாம் அவற்றில் உண்டு. பட்டாதாரர் பெயர் உண்டு. நாற்று நட்டவர், அண்டை வெட்டியவர், களத்தில் நெல் தூற்றியவர் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவேடு எல்லாத் தெருவுக்கும் பொது என்றாலும் அதிலும் பிள்ளைகள் பெரும்பாலும் பெயரின்றி, ஆண் அல்லது பெண் என்ற குறிப்போடு மட்டுமே பதிவானார்கள்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் வீட்டுக்கு வீடு போனார்கள். யாரிடம் நிலம், யாரிடம் மாடு, யாருக்கு எவ்வளவு கடன், என்ன சாப்பிடுகிறார்கள், கூலி பணமா தானியமா என்று கேட்டார்கள். அப்படித்தான் படியாள் ஏட்டுக்கு வந்தார். இருவேல்பட்டில் ஒரு ரெட்டியார் குடும்பம் பெருநிலக்கிழாராக இருந்தது. ஊர்த்தெருவில் வன்னியர்கள், சற்றுத் தள்ளிச் சேரியில் தலித் குடும்பங்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடன் ஒரு ஆளைப் பண்ணையில் கட்டிப்போடும். கூலி படியால் அளக்கப்படும் தானியம். வட்டி கழியுமே தவிர அசல் கழியாது. அப்பனுக்குப் பின் மகன் அந்தப் பண்ணைக்கே போவான். ஓலையில் எழுதாமலே ஆளோலை அங்கே செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

நிலமில்லாதவருக்கு நிலம் என்ற எண்ணம் அரசாங்கத்துக்கு அதற்கும் முன்பே எட்டியிருந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அனுப்பிய அறிக்கையும், அடுத்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. தென்னார்க்காட்டில் அப்படி வழங்கப்பட்ட நிலங்களுக்கும் பிற பகுதிகளில் நேர்ந்ததே நேர்ந்தது. கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறியவை ஏராளம். ஏட்டில் பெயர் ஏறினால் மட்டும் போதாது, அந்த ஏடு யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதும் முக்கியம். மணியமும் கர்ணமும் பரம்பரைப் பதவிகளாக இருந்தவரை அது ஊரின் வலுத்த குடும்பங்களின் வீட்டில்தான் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தால் ஒழித்தது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். தமிழகச் சிற்றூர்களின் வரலாற்றில் நிலச்சீர்திருத்தச் சட்டங்களுக்கு இணையாக இந்த மாற்றத்தை வைக்க வேண்டும் என்பது என் துணிபு. அது பற்றி நாம் எழுதியிருப்பது மிகக் குறைவு.

ஒரு சிற்றூரின் வரலாற்றை எவ்வளவு நிறைவாக எழுத முடியும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டுவது சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்து மலையூரான டோர்பெல். ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர் அந்த ஊரைப் பற்றி 1981-இல் எழுதிய நூலும், அதை முன்வைத்து எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் பொதுவளம் பற்றி எழுதியதும் பெரும் கவனம் பெற்றன. ஆஸ்ட்ரத்துக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. 1483 பிப்ரவரி 1-ஆம் நாள் டோர்பெல் ஊரார் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். மலைமேல் உள்ள மேய்ச்சல் நிலமும் காடும் தரிசும் ஊருக்குப் பொது. வெளியூரார் இங்கே நிலம் வாங்கினாலும் பொதுவில் பங்கு கிடையாது. 1517-இல் எழுதிய விதி ஒன்று, பனிக்காலத்தில் தன் தீவனத்தால் எத்தனை பசுக்களைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் மலைக்கு ஓட்டலாம் என்றது. புல் அழியாமல் இருந்தது அந்த விதியால்தான். அதோடு தேவாலயப் பதிவேடுகளில் பிறப்பும் திருமணமும் இறப்பும் பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்து இருந்தன. ஒவ்வொரு குடும்பத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர நெட்டிங்கால் முடிந்தது.

இதைப் படிக்கும்போது நமக்கு ஏக்கம் வருவது இயல்பு. ஏரியும் புறம்போக்கும் மந்தைவெளியும் பொதுவாக இருந்த ஊர்கள் நம்முடையவை. மடை திறக்க ஆளும், குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒருவரும் என்ற ஒழுங்கு நம்மிடமும் இருந்தது. ஆனால் டோர்பெலில் பெரும்பாலும் சிறு நில உடைமையாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நம் ஊர்ப் பொதுவில் நிலமுள்ளவரும் நிலமற்றவரும், ஊரும் சேரியும் சம பங்காளிகளாக அமரவே இல்லை. ஆகவே பழைய கிராம சமுதாயம் என்ற புகழ்ச்சியை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சுவிட்சர்லாந்தும் தன் சிற்றூர்களைப் பற்றிப் பெருமையை மட்டும் பேசிக்கொண்டு இருக்க முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் வரையும் அந்த நாட்டில் ஏழைகளின் பிள்ளைகள், அநாதைகள், மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்கள் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சில ஊர்களில் சதுக்கத்தில் நிறுத்தி ஏலம் விட்டார்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள ஊராட்சியிடம் யார் குறைந்த தொகை கேட்டாரோ அவருக்கே பிள்ளை. கூலியில்லாத வேலை, தொழுவத்தில் படுக்கை, அடி. 2013 ஏப்ரல் 11-இல் அமைச்சர் சிமொனெட்டா சொம்மருகா அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருப்பவர்களுக்குத் தலா 25,000 பிராங்கு வழங்கும் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் ஈர்த்தது பணமல்ல. தங்களைப் பற்றி ஊராட்சிகளும் இல்லங்களும் எழுதிவைத்த கோப்புகளைப் பார்க்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் காகிதங்களை ஆவணக்காப்பகங்கள் காக்க வேண்டும் என்பதும் உறுதியானது. தன்னை யார், எப்போது, என்ன காரணம் எழுதிக் கொடுத்தார்கள் என்று அறுபது எழுபது வயதில் படித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நம் படியாளின் பேரனுக்குப் படித்துப் பார்க்க அப்படி ஒரு கோப்பு இல்லை.

படியாளின் அந்த வாழ்க்கை எப்படி முடிந்தது? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. நில உச்சவரம்பு 1961-இல் 30 தர ஏக்கர், 1970-இல் 15 என்று ஆனது. இருவேல்பட்டின் தொடர் ஆய்வுகள் காட்டுவது எந்த ஒரு சட்டத்தின் வெற்றியையும் அல்ல, மெதுவான ஒரு கரைதலை. நிலக்கிழார் குடும்பம் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. வன்னியர்கள் வாங்கினார்கள். 1981-இல் படியாள் முறை தேய்ந்துகொண்டிருந்தது. 2008-இல் ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு வயலுக்கு வெளியே போயிருந்தது. கட்டட வேலைக்கும் நகரங்களுக்கும் இளைஞர்கள் போனார்கள், களை எடுக்க ஆள் கிடைக்காமல் போனது. நியாயவிலைக் கடை அரிசி வீட்டில் இருந்ததால், நாளைய கஞ்சிக்காக ஒரே வீட்டு வாசலில் நிற்கும் கட்டாயம் விலகியது. தலித்துகள் ஊர்த்தெருவைச் சார்ந்திருப்பது குறைந்தது என்பதே அந்த ஆய்வின் மையம். இதைச் சிறிய மாற்றம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஆயிரம் ஆண்டுச் சார்பு ஒன்று, ஒரு முதியவரின் வாழ்நாளுக்குள் தளர்ந்திருக்கிறது.

நல்லூர் வட்டாரத்தில் நடப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். இங்கே மணிலாவும் முந்திரியும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் மண். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மணிலா, முந்திரி ரகங்கள் மாநிலம் முழுக்கப் போயிருக்கின்றன. திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குத் தீபாவளி, பக்ரீத் சமயங்களில் எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வருகிறார்கள். முன்பு பண்ணைக்கு ஆடு மேய்த்த குடும்பங்கள் இன்று சொந்தமாக நாலு ஆடு வளர்த்து அங்கே கொண்டுவந்து விற்கின்றன. இன்னொரு பக்கம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, இன்னொரு பக்கம் விருத்தாசலம் பீங்கான். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் தொழிற்பேட்டையும் வந்ததால், சுற்றுப்புறக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும் வயலை விட்டுச் சூளைக்கு வந்தார்கள். கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, உலர்த்தி, பிசிறு தேய்த்து, சூளையில் சுட்டு, பளபளப்புப் பூச்சு கொடுத்து மறுபடி சுடுகிறார்கள். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல், வீடுகளுக்கு ஃபியூஸ் கட்டை. பொம்மையின் கண்ணையும் புருவத்தையும் எழுதுகிற பெண்கள் படியளப்புக்காகக் காத்திருந்த அம்மாக்களின் மகள்கள். அவர்கள் வாங்குவது காசு. அதை எங்கே செலவழிப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். கூலி போதுமானதா என்றால் இல்லை. வேலை ஆண்டு முழுக்க இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆனாலும் இதைப் பழைய கட்டோடு ஒப்பிட முடியாது.

புதிய கட்டு வேறு வடிவில் வருகிறது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் பல குடும்பங்களை மாதக்கணக்கில் ஊரை விட்டுக் கொண்டுபோகிறது. பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துபோகிறது. இருவேல்பட்டில் அன்று கேட்ட அதே கேள்வியை இங்கே இன்றும் கேட்க வேண்டும்: அசல் கழிகிறதா?

ஏட்டுக்கு வராத வாழ்க்கையை இந்த மண்ணில் முதலில் பதிவு செய்தவர்கள் இலக்கியவாதிகள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 1994-இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, சேரிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. களத்தில் அவளுக்கு விழும் தானியம் எவ்வளவு, எந்த வீட்டில் சோறு போட்டார்கள், எந்த வீட்டில் மறுத்தார்கள் என்பதை எந்தக் கர்ணத்தின் கணக்கும் சொன்னதில்லை, அந்த நாவல் சொல்கிறது. விருத்தாசலத்துக்கு அருகில் மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் முந்திரிக் காட்டு மக்களின் வாழ்வை ‘அஞ்சலை’ நாவலில் எழுதினார். அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ செய்தார். பல்கலைக்கழகத் துறைகள் செய்ய வேண்டிய வேலையைத் தனி ஆளாகச் செய்தார்.

அரசு ஏட்டிலும் ஒரு திருப்பம் வந்திருக்கிறது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஏரி தூர்வாரவும் வரத்து வாய்க்கால் வெட்டவும் போன ஒவ்வொருவரின் பெயரும், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதும் மஸ்டர் ரோலில் ஏறியது. அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கவும் கேள்வி கேட்கவும் சட்டம் வழி செய்தது. அந்தப் பட்டியல்களில் மோசடி நடந்த இடங்கள் உண்டு, கூலி மாதக்கணக்கில் நின்றுபோனதும் உண்டு. ஆனால் பட்டியலின் பொருளைக் கவனிக்க வேண்டும். நடுநாட்டுச் சிற்றூர்களில் மண் சுமந்தவர்களின் பெயர், அதிலும் பெண்களின் பெயர், அவர்கள் செய்த வேலைக்கு நேராக, அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்வதற்காக ஆண்டுக்கு ஆண்டு எழுதப்பட்டது இந்தப் பட்டியல்களில்தான்.

நல்லூருக்கும் அதன் ஒன்றியத்து ஊர்களுக்கும் வரலாறு எழுத இன்று தேவையான பொருள் இருக்கிறது. கோயில் கல்வெட்டுகள், 1878-இல் கார்ஸ்டின் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு, 1906-இல் வந்த ஃபிரான்சிஸின் மாவட்ட விவரச் சுவடி இவையெல்லாம் நூலகத்தில் பத்திரமாக இருப்பவை. பழைய தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், கூட்டுறவுச் சங்கக் கடன் பேரேடுகள், நியாயவிலைக் கடைகளின் பழைய அட்டைப் பதிவுகள், மஸ்டர் ரோல் கட்டுகள் அப்படி அல்ல. கறையானும் மழையும் ஒரு பக்கம், இடம் போதவில்லை என்று எடைக்குப் போடுவது இன்னொரு பக்கம் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. இவற்றில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத்தான் முதலில் காக்க வேண்டும். தந்தையின் பெயர், தெரு, தொழில், பிள்ளை எந்த வகுப்பில் நின்றது, என்ன காரணம் என்ற அத்தனையும் ஒரே வரியில் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு, தன் எல்லைக்குள் இருக்கும் இந்த ஏடுகளைப் படம் பிடித்து, ஒரு படியை ஊர் நூலகத்திலும் ஒரு படியை மாவட்ட ஆவணக்காப்பகத்திலும் வைக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. விருத்தாசலத்திலும் திட்டக்குடியிலும் இருக்கும் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களை, ஸ்லேட்டர் செய்ததைப் போல, அவரவர் ஊருக்கே அனுப்பலாம். முதலில் காலனித் தெருவில் தொடங்கச் சொல்ல வேண்டும். படியாள் வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் இப்போது எண்பதைக் கடந்தவர்கள்.